நாம், நாங்கள், நீங்கள்: சொல்லின் நடையும் உருவகத்தின் அரசியலும்

(கொல்லங்கோட்டில் எல்லைப் பகுதித் தோழர்களுக்காக நடைபெற்ற இலக்கிய வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இடையில் தோழர்கள் எழுப்பிய கேள்விகளுக்குச் சொன்ன விடைகளும் உரையோடு சேர்க்கப்பட்டுள்ளன.)



மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் ஆசிரியராகப் பணியாற்றிய ஊர் இது. அவர் பெயரால் இங்கு ஒரு கலாகேந்திரமும் இருக்கிறது. சற்று வடக்கே சித்தூரில், துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்று சொல்லப்படும் இடம் உள்ளது. தாமே கதை சொல்லாமல் ஒரு கிளியைச் சொல்லவைத்தவர் அவர். இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு இலக்கியத்தின் நடை பற்றியும் அணி பற்றியும் தமிழில் பேசுவது சற்றுத் துணிச்சலான காரியம்தான். ஆனால் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் சந்தையில் இரண்டும் பேசுகிற உங்களைவிட இதைக் கேட்கத் தகுதியானவர்கள் வேறு யாரும் இல்லை. ஒரே பொருளை இரு மொழியில் சொல்லும்போது ஏதோ ஒன்று நழுவுகிறது, ஏதோ ஒன்று புதிதாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள்.

நடை, அணி, உருவகம் என்றால் நம் இயக்கத்தில் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. கருத்து சரியாக இருந்தால் போதாதா, சரக்கு நல்லதாக இருந்தால் பொட்டலம் எதுவானால் என்ன என்று கேட்பார்கள். நானும் இளம் வயதில் அப்படித்தான் கேட்டேன். தமிழ் முதுகலை படித்துவிட்டுக் கட்சிக்கு வந்தபோது, தண்டியலங்காரத்தைப் பழைய பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்றே எண்ணினேன். முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்த பிறகு எண்ணம் மாறிவிட்டது. கருத்தைச் சுற்றும் காகிதம் அன்று சொல். பல வேளைகளில் சொல் மாறினால் கருத்தே வேறாகிவிடுகிறது.

அதற்கு என் சொந்தப் பிழை ஒன்றையே முதலில் சான்றாக வைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இடுக்கிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கான துண்டறிக்கையை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். நான் எல்லா இடத்திலும் 'நாம்' என்று போட்டேன். தோழமையான சொல், அரவணைக்கும் சொல் என்பது என் எண்ணம். அறிக்கையை வழங்கிய தோழர்களுடன் நானும் சென்றிருந்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அம்மா அதை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தார். "நாம் இந்தக் கூலியில் வாழ முடியாது" என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்து, "தோழரே, இந்தக் கூலில நீங்க வாழலையே?" என்றார். அடுத்த பத்தியில் "நாம் அரசிடம் மனு அளித்துள்ளோம்" என்றிருந்தது. "இதுல நாங்க எப்ப மனு குடுத்தோம்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சரிபார்ப்பவர் குரல் அது.

இரண்டு வரிகளிலும் ஒரே சொல். முதல் வரியில் நான் அவருடைய துன்பத்துக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டேன். அதற்கு எனக்கு உரிமையில்லை. இரண்டாவது வரியில், அவரைக் கேட்காமல் எடுத்த முடிவுக்குள் அவரைச் சேர்த்துவிட்டேன். அதற்கும் எனக்கு உரிமையில்லை. கேட்பவரையும் உள்ளே சேர்த்துச் சொல்வதை நம் இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றனர். கேட்பவரை வெளியே நிறுத்திச் சொல்வது வேறு. பழந்தமிழில் 'நாம்' எதிர் 'யாம்'. இன்றைய தமிழில் 'நாம்' எதிர் 'நாங்கள்'. மலையாளத்தில் 'நம்மள்' எதிர் 'ஞங்ஙள்'. யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு செய்யும்படி நம் மொழிகள் நம்மைக் கட்டாயப்படுத்துகின்றன. நான் அந்த முடிவை எடுக்கவே இல்லை. இலக்கணம் படித்தவன் மறந்துவிட்ட வேறுபாட்டை ஒரு தொழிலாளி மறக்கவில்லை.

இதைச் சொல்லும்போது 2015 செப்டம்பரைப் பேசாமல் இருக்க முடியாது. மூணாறில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தார்கள். இருபது சதவீத போனஸ் வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 500 ரூபாயாக வேண்டும் என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். எந்தத் தொழிற்சங்கத் தலைமையையும் அவர்கள் அருகில் விடவில்லை. நம்மையும்தான். 'பெம்பிளை ஒருமை' என்று தம்மை அழைத்துக்கொண்டார்கள். ஒருமை என்றால் தமிழ் இலக்கணத்தில் எண், பன்மைக்கு எதிர். மலையாளத்தில் 'ஒரும' என்றால் ஒற்றுமை. இரு மொழியும் கலந்து பிறந்த அந்தப் பெயரில் ஆயிரம் பேர் ஒருமையானார்கள்.

அவர்கள் எழுப்பிய முழக்கங்களை அப்போது பலரும் 'உணர்ச்சி வெளிப்பாடு' என்று எழுதினார்கள். செய்யுளிலக்கணம் படித்தவனாக நான் அதை மறுக்கிறேன். அவை கட்டமைப்புள்ள முழக்கங்கள். கொழுந்துக் கூடை ஒருபுறம், பணக்கூடை மறுபுறம். ஒழுகும் லயம் ஒருபுறம், குளிரூட்டிய பங்களா மறுபுறம். எங்கள் பிள்ளைக்குத் தமிழ்வழிப் பள்ளி, உங்கள் பிள்ளைக்கு ஆங்கிலவழிப் பள்ளி. எதிரெதிராக நிறுத்தும் இதற்கு முரண்தொடை என்று பெயர். அடிதோறும் இறுதி ஒலி ஒன்றிவர முடிந்ததால் இயைபுத் தொடையும் உண்டு. மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று வகுப்பறையில் மனப்பாடம் செய்தோமே, அந்தத் தொடைகள் அங்கே சாலையில் உயிரோடு இருந்தன. முழக்கம் முழுவதையும் தாங்கிய தூண்கள் இரண்டு சொற்கள்: 'நாங்கள்', 'நீங்கள்'. அந்த 'நீங்கள்' நிர்வாகத்தை மட்டும் சுட்டவில்லை. பல ஆண்டுகளாக 'நாம், நாம்' என்று அவர்களிடம் பேசிவந்த சங்கத் தலைமைகளையும் மறுகரையில் நிறுத்தியது. ஓர் உளப்பாட்டுப் பன்மையை உடைத்தெறிந்த நிகழ்ச்சி என்று அந்தப் போராட்டத்தை நான் படிக்கிறேன். அதற்கான காரணம் மொழியில் இல்லை, நடைமுறையில் இருந்தது. ஆனால் செய்தி முதலில் வெளிப்பட்டது ஒரு பிரதிப்பெயரில். நாம் அதைக் கவனித்துக் கேட்கவில்லை.

ஒன்பது நாள் போராட்டம் எப்படி முடிந்தது என்பதும் மொழிக்காரனுக்கு ஒரு பாடம். இருபது சதவீதம் கிடைத்தது. ஆனால் அதில் 8.33 சதவீதம் மட்டுமே போனஸ், மீதி 11.67 சதவீதம் கருணைத் தொகை. 8.33 என்பது 1965 ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி கொடுத்தே தீரவேண்டிய குறைந்தபட்சம். கையில் வந்த பணம் ஒன்றுதான், பெயர் இரண்டு. ஒன்று உரிமை, மற்றது தயவு. தயவுக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் வழக்கில்லை. ஒரு சொல்லின் விலை என்ன என்று யாராவது கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

இங்கே பவணந்தியாரை அழைக்கலாம். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது முதலாவது. செத்தவரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வது இரண்டாவது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதுபோல ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் சொல் மூன்றாவது. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த மூன்று கருவிகளோடு இன்றைய நாளேட்டைப் படித்துப் பாருங்கள். ஆட்குறைப்பை 'விருப்ப ஓய்வு' என்பதும், பொதுத்துறையை விற்பதைப் 'பங்கு விலக்கல்' என்பதும், தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்துவதைச் 'சீர்திருத்தம்' என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதன் வழிவந்தவைதாம். ஒரு வேறுபாடு உண்டு. நம் பாட்டி விளக்கை அணை என்னாமல் குளிரவை என்றது, இருட்டை மறைப்பதற்காக அன்று.

மூன்றாவது கருவியை நம் பக்கம் திருப்பினால் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். 'ஸ்தூலமான நிலைமை', 'முன்கை எடுத்தல்', 'கறாரான பரிசீலனை', 'கீழ்மட்ட அணிகள்'. இவை நம் குழூஉக்குறிகள். ஒரு வகுப்பில் இளந்தோழர் ஒருவர், "ஸ்தூலம்னா பருமன்தானே தோழர், நிலைமை எப்படிப் பருமனாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கையால் தொட்டறியத்தக்க என்ற பொருளில் வந்த அச்சொல்லே கையில் பிடிபடாத சொல்லாகிவிட்டது. குழூஉக்குறி தீயது என்று நான் சொல்லவில்லை. தொழில் செய்பவர்களுக்கு அது தேவை. தட்டாரும் வாடிக்கையாளரிடம் பேசும்போது பொன்னைப் பொன் என்றுதான் சொல்வார்.

உவமையிலும் இதே நோய் உண்டு. தொல்காப்பியர் உவமத்தின் அடிப்படையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரித்தார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் செயலாலோ, விளைவாலோ, வடிவாலோ, நிறத்தாலோ ஒப்புமை இருக்கவேண்டும். 'அலைகடலெனத் திரண்டனர்' என்று நம் செய்தியாளர்கள் எழுதுகிறார்கள். நெல்லியாம்பதியில் மழையில் நாற்பது பேர் குடைபிடித்து நின்ற கூட்டத்தைப் பற்றி அப்படி எழுதிய செய்தி ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். நான்கில் எது பொருந்துகிறது? மழையில் குடைபிடித்து நாற்பது பேர் நின்றார்கள் என்று எழுதியிருந்தால், படித்தவருக்கு அந்த நாற்பது பேர்மீது மதிப்பு வந்திருக்கும். கடலை அழைத்துவந்து அவர்களை மூழ்கடித்துவிட்டோம்.

இனி ஒரு புகழ்பெற்ற உருவகத்துக்கு வருகிறேன். 1848 பிப்ரவரியில் லண்டனில் வெளியான கம்யூனிஸ்ட் அறிக்கையின் தொடக்கம் நீங்கள் அறிந்தது. ஐரோப்பாவின் பழைய அதிகாரங்கள் அஞ்சி நடுங்கிய ஓர் உருவத்தோடு அது தொடங்குகிறது. ஜெர்மன் மூலத்தில் 'கெஷ்பென்ஸ்ட்' என்ற சொல். 1850-இல் ஹெலன் மக்ஃபார்லேன் 'ரெட் ரிபப்ளிகன்' ஏட்டுக்காக அதை முதன்முதலில் ஆங்கிலமாக்கியபோது 'ஹாப்காப்ளின்' என்றார். நம்மூரில் சொன்னால் அது கிட்டத்தட்ட குட்டிச்சாத்தான். கல்லெறியும், பால் சட்டியைக் கவிழ்க்கும். 1888-இல் சாமுவேல் மூர் எங்கெல்சின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பில்தான் 'ஸ்பெக்டர்' வந்தது. தோழர்கள் சிரிக்கிறீர்கள், ஆனால் மக்ஃபார்லேனை நான் எளிதில் குறைசொல்ல மாட்டேன். முதலாளிகளின் அச்சம் பிள்ளைத்தனமானது என்ற ஏளனம் மூலத்தில் இருக்கிறது. அதை அவர் பிடித்தார். மூர் பிடித்தது அதன் கம்பீரத்தை. இரண்டையும் ஒரு சொல்லில் பிடிக்க ஆங்கிலத்தால் முடியவில்லை.

தமிழில் இந்த அறிக்கை 1931-இல் பெரியாரின் 'குடி அரசு' இதழில் தொடராக வந்தது. பின்னர் வந்த மொழிபெயர்ப்புகளின் வழியாக நம் காதில் பதிந்துவிட்ட சொல் 'பூதம்'. நெடுநாள் இது எனக்கு உறுத்தலாக இருந்தது. மூலச்சொல் இறந்தவரின் ஆவியைக் குறிப்பது. பேய், ஆவி என்பவை நெருக்கமான சொற்கள் அல்லவா? ஆனால் பேய் என்றால் செத்துப்போன ஒன்று திரும்பி வருவது. கம்யூனிசமோ அன்று இன்னும் பிறக்காத ஒன்று. பூதம் யாருடைய ஆவியும் இல்லை. மேலும் தமிழ் படித்தவர் மனத்தில் பூதம் என்றதும் சிலப்பதிகாரத்துப் புகாரின் சதுக்கப்பூதம் வந்து நிற்கும். பொய்ச்சாட்சி சொன்னவர், போலித் தவவேடத்தார், தவறு செய்த அமைச்சர் ஆகியோரைப் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்ணும் நீதிப்பூதம். ஐரோப்பியச் சொல்லில் இல்லாத ஒரு நீதி தமிழ்ச் சொல்லில் வந்து ஒட்டிக்கொண்டது. மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களா என்பது முக்கியமன்று. சொல் தன் ஊரையும் உறவையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் வரும். நம் ஜீவாவின் ஊர்ப்பெயரே பூதப்பாண்டி என்பதை இடையில் ஒரு சுவைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

வள்ளுவநாட்டுப் பக்கத்துத் தோழர்களுக்கோ இதே சொல் வேறொன்று. அறுவடைக்குப் பின் பறையொலியோடு வீடுவீடாக வரும் பூதனும் திறையும் அவர்கள் அறிந்தவை. இடச்சேரியின் 'பூதப்பாட்டு' என்னும் கவிதையில் வரும் பூதம், ஒரு தாயின் பிள்ளைமீது ஆசை வைத்து, அந்தத் தாயின் அன்பின்முன் தோற்றுப்போகிற பூதம். பயமும் பாசமும் சேர்ந்தது. ஆக, ஒரே சொல்லைக் கேட்டு மூணாற்றுத் தமிழரும் பட்டாம்பித் தோழரும் மனத்தில் காணும் உருவம் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. வகுப்பெடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இன்னொரு சான்று, இந்த மலைக்கு அப்பால். நெல்லியாம்பதி மலைகளுக்குப் பின்னால் பறம்பிக்குளம் காடு. அதையும் தாண்டினால் ஆனைமலையின் வால்பாறைத் தோட்டங்கள். அங்கே மருத்துவராகவும் தொழிற்சங்கம் அமைத்தவராகவும் இருந்த பி.எச். டேனியல், 1920-களின் தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-இல் வெளியானது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'சிவப்புத் தேநீர்'. கங்காணியின் ஆசைவார்த்தையையும் முன்பணத்தையும் நம்பி மலையேறிய கருப்பன், வள்ளி என்ற இருவரின் கதை. இரா. முருகவேள் இதைத் தமிழாக்கியபோது 'எரியும் பனிக்காடு' என்று பெயரிட்டார். பாலாவின் 'பரதேசி' படம் இதிலிருந்து பிறந்தது.

இரு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆங்கிலத் தலைப்பு தேநீர்க் கோப்பையைக் காட்டுகிறது. நீ குடிப்பதில் இரத்தம் கலந்திருக்கிறது என்று குடிப்பவரிடம் பேசுகிறது. ஆங்கிலம் படிக்கிற, மேசையில் அமர்ந்து தேநீர் பருகுகிற வாசகருக்கான உருவகம் அது. அந்த இடத்தில் அது கூர்மையானது. தமிழ்த் தலைப்பு கோப்பையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறது. அங்கே வாழ்பவருக்கு உடம்பெல்லாம் குளிர், உள்ளே நெருப்பு. பனியும் எரிதலும் ஒன்றாக நிற்கும் முரண். சொல்லுக்குச் சொல் என்று பார்த்தால் இது மொழிபெயர்ப்பே இல்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது மாறியதால் உருவகமும் மாறியது. நான் மொழிபெயர்த்திருந்தால் 'சிவப்புத் தேநீர்' என்றே போட்டிருப்பேன். நல்லவேளை, நான் மொழிபெயர்க்கவில்லை.

தோட்டத்துச் சொற்களே தனி அகராதி. 'லயம்' என்றால் இசை தெரிந்தவருக்கு ஓர் இனிமை. தோட்டத்தில் அது ஆங்கில 'லைன்' தேய்ந்து வந்த சொல். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். 'கொழுந்து' கவிஞருக்கு மென்மை, பறிப்பவருக்கு எடை. பறிக்கும் பெண்ணின் கையை வருணிக்க வந்து 'கொழுந்து விரல்கள்' என்று எழுதிய கவிதை ஒன்று நம் இதழுக்கு வந்தது. திருப்பி அனுப்பினேன். அந்த விரல்களை ஒருமுறையாவது பார்த்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஒரு தோழர் ஓ.வி. விஜயனைப் பற்றிக் கேட்டார். பாலக்காட்டுக்கு அருகேயுள்ள தஸ்ராக்கில் முளைத்த 'கசாக்கின் இதிகாசம்' 1969-இல் நூலாக வந்தது. தமிழில் யூமா வாசுகி தந்திருக்கிறார். புரட்சிகரமான ஒரு நாவலை எழுதத் தொடங்கியதாகவும், ஹங்கேரியில் இம்ரே நாகி கொல்லப்பட்டது தம்மைத் திசைமாற்றியதாகவும் விஜயனே பதிவு செய்திருக்கிறார். இதனால் நம்மவர்களில் பலர் அந்நூலோடு நெடுங்காலம் சண்டை போட்டார்கள். அந்நூலின் முடிவுகளில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் நாம் அதன் நிலைப்பாட்டோடு சண்டையிட்டோமே தவிர, அதன் வாக்கியங்களைப் படிக்கவில்லை. பாலக்காட்டுக் கிராமத்துப் பேச்சை, அதன் தமிழ்ச் சாயலோடும் இராவுத்தர் வழக்கோடும், இலக்கிய மலையாளத்தின் நடுக்கூடத்தில் உட்காரவைத்தவர் அவர். யாருடைய பேச்சு இலக்கியமாகலாம் என்ற கேள்விக்கு அந்த நடை ஒரு விடையைச் சொல்கிறது. ஆசிரியரின் கொள்கை சொல்லாத விடை.

மாறாக, நாம் கொண்டாடும் ஒரு நாடகத்தின் தலைப்பைப் பாருங்கள். 1952-இல் கே.பி.ஏ.சி. மேடையேற்றிய தோப்பில் பாசியின் 'நிங்ஙளென்னெ கம்யூணிஸ்டாக்கி'. 'நான் கம்யூனிஸ்ட் ஆனேன்' என்று அவர் பெயர் வைக்கவில்லை. 'நீங்கள்' எழுவாய், 'என்னை' செயப்படுபொருள். அந்த 'நீங்கள்' யார்? அடக்கிய நிலவுடைமையாளரா, உடன்நின்ற தோழர்களா, கீழே அமர்ந்திருக்கும் பார்வையாளர்களா? தலைப்பு சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் அரங்கு முழுவதும் தன்னையே சுட்டுவதாக உணரமுடிகிறது. தமிழில் இதைப் பெயர்க்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறேன். மலையாள வினையில் எண்ணும் இடமும் காட்டும் விகுதி இல்லை. 'ஆக்கி' என்று சட்டென நின்றுவிடுகிறது. தமிழிலோ 'ஆக்கினீர்கள்' என்று மரியாதையோடு இழுக்கவேண்டும்; நன்றியுரை வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. இரு மொழியும் தெரிந்த உங்களில் யாராவது வழி கண்டுபிடித்தால் எனக்குச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் எளிமையாக எழுதிவிட்டால் போதுமா என்றும் ஒரு கேள்வி வந்தது. எளிமை வேறு, மொட்டையாக எழுதுவது வேறு. மூணாற்று முழக்கங்களைவிட எளிமையான தமிழ் இல்லை. அவற்றைவிட அணி நிறைந்த துண்டறிக்கையை நான் பார்த்ததும் இல்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு அணி புரியாது என்று எண்ணி நாம் அதை எடுத்துவிடுகிறோம். தாலாட்டையும் ஒப்பாரியையும் கட்டத் தெரிந்தவருக்கு நாம் வெறும் புள்ளிவிவரத்தை நீட்டுகிறோம். புள்ளிவிவரம் வேண்டும், ஆனால் அது யாருடைய வாயிலிருந்து, யாரை நோக்கி வருகிறது என்பது தெரியவேண்டும்.

பேச்சை நீட்டவில்லை. உங்கள் கையில் ஒரு வரைவைக் கொடுத்திருக்கிறேன். 2019-இலும் 2020-இலும் நிறைவேற்றப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றிய துண்டறிக்கை அது. 29 சட்டங்கள் அந்த நான்கில் கரைக்கப்பட்டன. லயமும் மருத்துவமனையும் பிள்ளைக் காப்பகமும் தரவேண்டும் என்று சொன்ன 1951 ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றில் ஒன்று. வரைவை ஆங்கிலத்திலிருந்து நான்தான் பெயர்த்தேன். மொத்தம் பதினேழு இடங்களில் தன்மைப் பன்மை வருகிறது. எல்லா இடத்திலும் கோடிட்ட வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன். தேநீர் வருவதற்குள் இருவர் இருவராக உட்கார்ந்து, எங்கே 'நாம்', எங்கே 'நாங்கள்', எங்கே 'நீங்கள்' என்று பென்சிலால் நிரப்புங்கள். தோட்டத்திலிருந்து வந்திருக்கும் தோழர்கள் ஆளுக்கொரு இணையில் இருக்கட்டும். பென்சில் அவர்கள் கையில் இருக்கட்டும்.